பத்தரை மணிக் கையெழுத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். மைக்கைப் பிடித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார்கள்.

எந்த மருந்து, எத்தனை மணிக்கு ஒரு தடவை, நாடித்துடிப்பு எவ்வளவு இருந்தால் டாக்டரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் வந்துவிடும். என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அந்தத் தப்பால் ஒரு மாதம் தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த மாதம் வேறு இல்லை, அவ்வளவு பயந்த மாதமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நம் போதை மீட்பு சென்டர் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. சுற்றிலும் அதே மாதிரி பங்களாக்களை இடித்து ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தூசிதான் முதலில் உள்ளே வரும். இருபது கட்டில். குடி, பிரவுன் சுகர், ஊசி, எல்லாவற்றுக்கும் ஒரே வார்டு. சாந்தோமில் வீடு எனக்கு. அங்கிருந்து பஸ் பிடித்து ஏழரைக்கு வந்து நிற்பேன். நர்ஸான என்னை எல்லோரும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கன்னியாஸ்திரீ என்று நினைத்து, தன் மகளுக்கு மாப்பிள்ளை அமைய ஜெபிக்கச் சொன்ன அப்பாக்களும் உண்டு. ஜெபித்தேன், ஒருத்திக்கு அமைந்தது.

சிகிச்சை முடியும்வரை யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்ற எங்களிடம் வாட்ச்மேனைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. செருப்பு அலமாரி. சேரும் அன்றைக்கே காலில் இருப்பதை வாங்கி, கட்டில் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். சாவி என் இடுப்பில். சுவரேறிக் குதிக்கிறவன்கூட மத்தியானத் தார் ரோட்டில் நாலு அடி வைத்ததும் தத்தித் தத்தித் திரும்பி வந்துவிடுவான். அந்தச் சாவிக் கொத்து குலுங்க நான் நடக்கும்போது எனக்கே என்னைப் பார்த்தால் கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

அப்படி ஒரு ஐப்பசி மாதத்தில் கோர்ட்டிலிருந்து வந்து சேர்ந்தான் எத்திராஜ். முப்பத்தைந்து வயது, பிளம்பர், மந்தைவெளிப் பக்கம் வீடு. கைராசிக்காரன் என்று பேர் எடுத்தவன். பிரவுன் சுகர் பழக்கம் வந்த பிறகு, பகலில் தான் மாட்டிய பித்தளைக் குழாய்களைச் சாயங்காலம் தானே கழற்றி விற்க ஆரம்பித்தான். புதிதாகக் குடிவந்த ஃப்ளாட்டுக்காரர்கள் குளியலறைக்குள் போய் நிற்பார்கள், சுவரில் ஓட்டை மட்டும் இருக்கும். நாலாவது ஃப்ளாட்டில் பிடிபட்டான். குழாய்த் திருட்டு வழக்கில் அவனுக்கு ஜாமீன் கொடுத்த மாஜிஸ்திரேட் ஐயா, சிகிச்சையில் சேர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். அதை நான் படிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டிலில் சுருண்டு கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து கிடந்தது.

"சிஸ்டர், என் செருப்பைக் குடு. பத்தரைக்கு டேசன்ல கையெழுத்துப் போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டைத் தாண்ட மனிதர்கள் சொல்லும் காரணங்களை நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஒருவனுக்கு ஒரே மாதத்தில் அம்மா மூன்று தடவை இறந்தாள். மூன்றாவது தடவை அந்த அம்மாவே ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்து நின்றாள்.

"கையெழுத்தா? இங்கேயே போடு, நான் ரசிக்கிறேன்," என்றேன்.

"அய்ய, மெய்யாலுமே சிஸ்டர். பெயில் பேப்பர்ல கீது. நீ வேணா படிச்சுப் பாரு."

படித்துப் பார்க்கவில்லை. கோர்ட் காகிதம் ஆபீஸ் சமாச்சாரம், வார்டு சமாச்சாரம் என்னுடையது என்று எனக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் காகிதம் அவன் கேஸ் ஃபைலில் கடைசிப் பக்கமாக, என் மேஜையிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. அடுத்த நாளும் அதே பத்து மணி, அதே கேள்வி, என்னிடமிருந்து வேறொரு கிண்டல்.

மூன்றாவது நாள் காலை பதினோரு மணிக்கு கேட்டில் ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார். "எத்திராஜ்னு ஒரு அக்யூஸ்டு இங்க இருக்கானா? தினம் பத்தரைக்குக் கையெழுத்துப் போடணும்னு கண்டிஷன் பெயில். ரெண்டு நாளா வரல, இன்னிக்கும் காணோம். ரைட்டர் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கார். பெயில் கேன்சல் ஆயிடும்."

ஓடிப் போய் ஃபைலைத் திறந்தேன். கடைசிப் பக்கம். தெள்ளத் தெளிவாக டைப் அடித்திருந்தது, முப்பது நாள், காலை பத்தரை மணி. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

எங்கள் டாக்டரம்மா அப்போது மாடியில் ரவுண்ட்ஸில் இருந்தார். மயிலாப்பூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் எங்களுக்குப் பயம். நான் ஃபைலை நீட்டினேன். படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு நாளா அவன் சொல்லிண்டே இருந்தானா?"

"ஆமா டாக்டர்."

"நீ என்ன சொன்னே?"

சொன்னேன். கிண்டல் பண்ணியதையும் சேர்த்துத்தான்.

"சரி. அழறதுன்னா அப்புறமா அழு. இப்ப அவனைக் கூட்டிண்டு ஸ்டேஷனுக்குப் போ. பக்கெட் ஒண்ணு எடுத்துக்கோ."

பிரவுன் சுகரை விட்டவனுக்கு மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். எலும்புக்குள் வலி, வயிறு நிற்காது, எதைப் பார்த்தாலும் வாந்தி. அன்றைக்கு அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோனால் சிகிச்சை அத்தோடு முடிந்தது. வெளியே வரும்போது பழையபடியே வருவான், நம்மிடம் ஜென்மத்துக்கும் வர மாட்டான். நான் அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன். ஆட்டோவில் அவன் பக்கெட்டைக் கட்டிக்கொண்டான், நான் அவனைக் கட்டிக்கொண்டேன். டிரைவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன் சீட்டுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில்.

ஸ்டேஷனில் ரிஜிஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏட்டைத்தான் ரைட்டர் என்பார்கள். எங்கள் ரைட்டர் ஏட்டய்யா ஒல்லியாக, காதில் பென்சிலோடு இருந்தார். மேஜையைச் சுற்றிலும் இடுப்பளவு ரிஜிஸ்டர்கள். அன்றைய தேதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மேலே இரண்டு கட்டம் காலியாக இருந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"ஐயா, தப்பு என்னோடது. அந்த ரெண்டு கட்டத்துலயும் இப்பவே போடச் சொல்லிடட்டுமா? யாருக்குத் தெரியப் போகுது?"

ஏட்டய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிஸ்டர், இவனுக்குப் பொய் சொல்லாம இருக்கத்தானே நீங்க அங்க சொல்லிக் குடுக்கறீங்க?"

எத்திராஜ் பக்கெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, அந்த நிலைமையிலும், "கரீட்டா கேட்டாரு சிஸ்டர்," என்றான்.

"ரிப்போர்ட் நான் அனுப்பியே ஆகணும்," என்றார் ஏட்டய்யா. "ஆனா நீங்க சொன்னதையும் அதுல எழுதறேன். நாளைக்குக் காலைல நீங்களே கோர்ட்டுக்குப் போய்ச் சொல்லிடுங்க."

மறுநாள் பத்தரைக்குக் கையெழுத்தைப் போடவைத்துவிட்டு, அவனை வார்டில் விட்டு, நானும் டாக்டரம்மாவும் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போனோம். என் கையெழுத்தில் ஒரு கடிதம் கொண்டுபோயிருந்தேன். 'இவர் வர மறுக்கவில்லை. நான்தான் இவர் சொன்னதை நம்பாமல், உத்தரவைப் படிக்காமல், செருப்பைப் பூட்டிவைத்தேன்.' இதை எழுதுவதற்கு நாலு தாள் கிழித்தேன். முதல் மூன்றிலும் 'தகவல் பரிமாற்றக் குறைபாடு' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். டாக்டரம்மா படித்துவிட்டு, "இதுல நீ எங்கே இருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

மாஜிஸ்திரேட் ஐயா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"செருப்பைப் பூட்டினீங்களா?"

"ஆமாங்க ஐயா. அலமாரியில."

"சாவி யார்கிட்ட?"

இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். கொத்து ஜலஜலவென்று சத்தம் போட்டது.

"அப்படின்னா நான் யாரோட பெயிலைக் கேன்சல் பண்றது?" என்றார். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. எங்களுக்கு எதிராக எழுந்து நின்ற அரசு வக்கீலும் சிரித்துவிட்டார். ஆனால் ஐயா சிரிப்பை அங்கேயே நிறுத்தினார். ஸ்டேஷனில் முதல் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து முப்பது நாள், நடுவில் ஒரு நாள் விட்டாலும் ஜாமீன் ரத்து, அதற்குமேல் எந்தக் கடிதமும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி எழுதிவிட்டார். இரண்டு கையெழுத்து ஆகியிருந்தது. இருபத்தெட்டு பாக்கி.

இங்கேதான் எங்கள் நடை ஆரம்பமாகிறது. ஸ்டேஷனுக்கு நேர் வழியில் போனால் பதினைந்து நிமிடம். ஆனால் அந்த வழியில் ஒரு டீக்கடைச் சந்து இருந்தது. எத்திராஜுக்குப் பிரவுன் சுகர் பொட்டலம் விற்கும் ஆள் தினமும் அங்கேதான் நிற்பான். சட்டம் எத்திராஜைத் தினம் ஒரு தடவை அந்தச் சந்தைத் தாண்டச் சொன்னது. அதனால் நாங்கள் மாதா கோயிலைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, முப்பது நிமிட வழியில் போனோம். தினமும் பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அலமாரியைத் திறந்து செருப்பைக் கொடுப்பேன். திரும்பி வந்ததும் வாங்கிப் பூட்டுவேன். யாராவது ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. தப்புச் செய்தவள் நான், அதனால் அநேகமாக நானேதான் போனேன்.

முதல் வாரம் அவன் நடக்கவில்லை, நான் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவது வாரம் பேச ஆரம்பித்தான். ஊரில் பாதிக் கட்டடத்தில் அவன் கை பட்டிருந்தது.

"த்தோ, இந்த பில்டிங்ல மூணாவது மாடி வரைக்கும் லைன் இழுத்தது நான்தான் சிஸ்டர். ஒரு சொட்டு ஒழுகாது."

"குழாய் மாட்டினது?"

"நான்தான்."

"கழட்டினது?"

செருப்பால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே நடந்தான். "அதுவும் நான்தான். ஆனா ஒண்ணு சிஸ்டர், கழட்டும்போதும் செவுத்துல ஒரு கீறல் உழாது."

ரோட்டில் நின்று சிரித்தேன். அவனும் சிரித்தான். வார்டில் சேர்ந்த பிறகு அவன் முகத்தில் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஸ்டேஷன் முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. எப்போதும் சொட்டும். கீழே ஒரு பக்கெட், பக்கெட் நிரம்பித் தரையெல்லாம் பாசி. எத்திராஜால் அதைப் பார்க்கவே முடியவில்லை. கையெழுத்துப் போடும்போதும் கண் அங்கேயே இருக்கும். "வாசர் போயிருக்கு ஏட்டய்யா. அஞ்சு நிமிச வேலை. உடு, போட்டுத் தரேன்."

"உன்னைக் குழாய்ப் பக்கம் விட்டா என் வேலை போயிடும்டா," என்பார் ஏட்டய்யா. "உன் ஸ்பானரே அந்த ரூம்ல சீட்டுக் கட்டிக் கிடக்கு, கோர்ட்டுக்குப் போகவேண்டிய கேஸ் ப்ராப்பர்ட்டி. கையெழுத்தைப் போட்டுட்டுக் கெளம்பு."

சனிக்கிழமைகளில் அவன் மனைவி அமுலு வருவாள். மேற்கு மாம்பலத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் சனிக்கிழமை கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "ஆள் உள்ள கீறானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது சனிக்கிழமை உள்ளே வந்தாள். அவன் முழுச் சாப்பாடு சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். போகும்போது என்னிடம், "பதினாறு கையெழுத்து ஆயிடுச்சாமே சிஸ்டர்," என்றாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இருபத்து மூன்றாவது கையெழுத்தன்று மழை.

நம் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே பிடித்துக்கொண்டது, விடியும்போது கேட் வரைக்கும் தண்ணீர். நான் எப்படியோ வந்து சேர்ந்தேன், சமையல்காரர் வந்தார், வேறு யாரும் வரவில்லை. டாக்டரம்மா மயிலாப்பூரில் மாட்டிக்கொண்டார். போனைத் தூக்கினால் கர் என்றுகூட இல்லை, செத்துக் கிடந்தது. வார்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் குடியை நிறுத்திய இரண்டாம் நாளில் இருந்தார்கள், ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை வலிப்பு வந்திருந்தது. நான் வார்டை விட்டு ஒரு நிமிடம்கூட அசைய முடியாது.

மணி ஒன்பதே முக்கால். எத்திராஜ் அலமாரி முன்னால் வந்து நின்றான்.

என்னால் போக முடியாது, அவன் போகாவிட்டால் ஜெயில். அவனைத் தனியாக அனுப்பினால் சுற்று வழி முழுக்க இடுப்புத் தண்ணீர், நேர் வழிதான் நடக்க முடியும். நேர் வழியில் அந்தச் சந்து. இதையெல்லாம் கேட்க எனக்கு மேலே ஒருவரும் இல்லை. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். அப்போது எந்தப் புத்தகமும் ஞாபகம் வராது. எனக்கு ஞாபகம் வந்தது அந்த இரண்டு காலிக் கட்டங்கள்தான். அவன் நிஜத்தைச் சொன்னபோது அவனை நம்பாதவள் நான். இந்தத் தடவை தப்பாகப் போனாலும் நம்பித் தப்பாகப் போகட்டும் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து செருப்பையும் என் குடையையும் கொடுத்தேன்.

"பதினொண்ணரைக்குள்ள வந்துடு," என்றேன்.

"வந்துர்றேன் சிஸ்டர்."

பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. நான் வலிப்புக்காரருக்கு மருந்து கொடுத்தேன், சமையல்காரரைக் காரணமில்லாமல் திட்டினேன், ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டேன். நோயாளி ஓடிப்போனால் அன்றைக்கே கோர்ட்டுக்கு எழுதித் தர வேண்டும். தாளும் எடுத்து வைத்திருந்தேன், 'தப்பிச் சென்றுவிட்டார்' என்ற வார்த்தை வரைக்கும் எழுதியிருந்தேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். "தப்பிச்சுண்டு போனதை நீ பாத்தியா?"

"இல்ல டாக்டர்."

"போன தடவையும் பாக்காமத்தானே முடிவு பண்ணினே. வார்டை நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பாத்துட்டு வந்து எழுது."

மழையில் இறங்கினேன். குடையும் இல்லை, அதுதான் அவனிடம் இருந்ததே. இப்போது உண்மையைச் சொல்கிறேன், நான் முதலில் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்தச் சந்துக்குத்தான் போனேன். டீக்கடை நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அந்த ஆள் நின்றுகொண்டிருந்தான். மழையிலும் அவனுக்கு லீவு கிடையாது போலிருக்கிறது. நனைந்த யூனிஃபாரத்தோடு நேரே போய் அவன் முன்னால் நின்றேன்.

"எத்திராஜ் வந்தானா?"

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். "வந்தான். அதோ, அங்க கொஞ்ச நேரம் நின்னான். அப்பால போய்ட்டான்."

"எந்தப் பக்கம்?"

தாடையால் ஸ்டேஷன் இருக்கும் பக்கத்தைக் காட்டினான். பொய் சொல்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் போய்ப் பார்ப்பது என்று வந்தவள், போனேன்.

ஸ்டேஷன் வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளேயும் இல்லை. ஏட்டய்யாவின் அறைத் தரை முழுக்கத் தண்ணீர், ரிஜிஸ்டர்கள் எல்லாம் மேஜைமேலும் லாக்கப் திண்டின்மேலும் அடுக்கிக் கிடந்தன. பின்பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து மேல்தொட்டியிலிருந்து வரும் பைப்பின்மேல் விழுந்திருந்தது. சின்ன ஏணி ஒன்றில் எத்திராஜ், வாயில் சணல், கையில் ஸ்பானர், மூஞ்சியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. இரண்டு கான்ஸ்டபிள்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் ஏட்டய்யா ஒரு ஸ்டூல்மேல் நின்று அவன் தலைக்கு மேலே என் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்!" என்று அவன்தான் முதலில் கத்தினான். "கையெழுத்து போட்டாச்சு! பத்து இருவதுக்கே போட்டாச்சு! இவங்கதான் உடல!"

"தொட்டித் தண்ணி மொத்தமும் ரெக்கார்ட்ஸ் ரூமுக்குள்ள வந்துட்டு இருந்திச்சு சிஸ்டர்," என்றார் ஏட்டய்யா. "போன் பண்ணிச் சொல்லலாம்னா லைன் செத்துக் கிடக்கு. நல்லவேளை, இவன் வந்தான்."

"என் ஸ்பானர் பத்தடி தூரத்துல ரூம்ல கீது," என்றான் எத்திராஜ். "கேஸ் ப்ராப்பர்ட்டி, தொடக்கூடாதாம். இவ்ளோ தண்ணிலயும் குடுக்கல சிஸ்டர் இந்த மனுசன்! சைக்கிள் கடையில கடன் வாங்கினு வந்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழுகையும் கூடவே வந்தது. மழையில் எது எதுவென்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் ஏணியில் இருந்தபடியே என்னைக் குனிந்து பார்த்தான்.

"இன்னாத்துக்கு மழைல வந்த? நான் எஸ்கேப்புன்னு நெனச்சியா?"

"ஆமாண்டா," என்றேன். அன்றைக்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"நானும்தான் நெனச்சேன்," என்றான். பைப்புக்குச் சணல் சுற்ற ஆரம்பித்தான். இரண்டு மணிக்குத் தண்ணீர் நின்றது. போகிற போக்கில் முற்றத்துக் குழாய்க்கும் புது வாஷர் போட்டான். ஏட்டய்யா தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது தண்ணீர் வடிந்துவிட்டது, சுற்று வழியிலேயே வந்தோம். வார்டுக்குள் வந்ததும் அவன் ஈரச் செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

எனக்கு வாங்க மனசே வரவில்லை. "வாசல்லயே விடு எத்திராஜ். இனிமே உன்னுதைப் பூட்ட வேண்டாம்."

அவன் தலையை ஆட்டினான். "பூட்டிடு சிஸ்டர். இன்னும் ஏழு நாள் கீது. அந்தச் சந்தாண்ட இன்னிக்கு என் காலு நின்னிச்சு. என் காலு மேல எனக்கு இன்னும் கியாரண்டி இல்ல."

நான் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை நான் எந்த நோயாளியின் கையிலும் கொடுத்ததில்லை. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, கீழ்த் தட்டில் தன் செருப்பை வைத்து, நம்பர் அட்டையைச் சரியாகத் திருப்பி, பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொத்தை என்னிடம் கொடுத்தான். அந்த ஏழு நாளும் அவனேதான் திறந்தான், அவனேதான் பூட்டினான்.

முப்பது கையெழுத்தும் விழுந்தன. பின்னால் கேஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நன்னடத்தைப் பேரில் விட்டார்கள். எல்லாம் சுபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒருமுறை மறுபடி பொட்டலத்தைத் தொட்டு வழுக்கி விழுந்தான். ஆனால் அன்றைக்கு அவனைப் போலீசும் கொண்டுவரவில்லை, கோர்ட்டும் அனுப்பவில்லை. காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கேட்டில் நின்றுகொண்டிருந்தான், செருப்பு இரண்டும் கையில். பக்கத்தில் அமுலு. அதற்குப் பிறகு விழவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நம்மிடம் கோர்ட்டிலிருந்து வருகிறவர்கள் நிறையப் பொய் சொல்வார்கள், எனக்குச் சொன்னதைவிடப் புதுசு புதுசாக உங்களுக்குச் சொல்வார்கள். சொல்லட்டும். பொய் என்று சொல்வதற்கு முன்னால் எழுந்து போய் அந்த ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு முழ தூரம்தான்.

முப்பத்தோராவது நாளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதில்லை. பத்து மணிக்கு எத்திராஜ் சாவி கேட்டான், பழக்கத்தில் கொடுத்துவிட்டேன். மருந்துத் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தால் அவன் செருப்பு மாட்டிக்கொண்டு கேட் அருகே நிற்கிறான்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"நீ எங்க கெளம்பிட்ட சிஸ்டர்?"

குனிந்து பார்த்தேன். என் கையில் குடை இருந்தது. எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "சரி சரி, பழக்கம் விடாது. போயிட்டு வாங்கோ," என்றார்.

போனோம். அன்று நல்ல வெயில். ரைட்டர் ஏட்டய்யா எங்களைப் பார்த்ததும் காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்து, பதறிப்போய் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"என்னடா, நேத்தோட முடிஞ்சிடுச்சே? இன்னிக்கு எதுக்கு வந்தே?"

எத்திராஜ் அவரைத் தாண்டி முற்றத்துக்குப் போனான். குழாய்க்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையை நீட்டிச் சற்று நேரம் காத்திருந்தான். கை காய்ந்தே இருந்தது.

"ஒண்ணுமில்ல ஏட்டய்யா," என்றான். "சொட்டுதா இல்லியான்னு பாக்க வந்தேன்."